ஊசிமுனையும் மனச்சோர்வும் – ஒரு வரலாற்றுப் பார்வை

விருதுநகர் மாவட்டம், வெம்பக்கோட்டை ஒன்றியத்தில் இருக்கும் ஊர் தாயில்பட்டி. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் வெள்ளாமையும் பொய்க்கும். அதனால்தான் சாத்தூர், சிவகாசி வட்டாரம் முழுக்கத் தீப்பெட்டியும் பட்டாசும் பிழைப்பாகிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

இந்த வட்டாரத்தில் வெடிவிபத்து நடந்தால் மறுநாள் நாளிதழில் ஒரு கணக்கு வரும். இறந்தவர் எத்தனை பேர், காயம்பட்டவர் எத்தனை பேர், நிவாரணத் தொகை எவ்வளவு என்ற கணக்கு அது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் வந்தது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தபோதும் வந்தது. அதே ஆண்டு ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு குடியிருப்பு வீட்டில் வெடித்து உயிர்கள் போனபோதும் வந்தது. ஆனால் அந்தக் கணக்கில் ஒருபோதும் ஏறாத ஒரு வகைக் காயம் உண்டு. தீக்காயம் ஆறிய பிறகும் தூங்க முடியாதவர்கள், மகளைப் பறிகொடுத்துவிட்டுச் சோறு இறங்காமல் இருப்பவர்கள், பழைய வேலைக்கே திரும்பிப் போய் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடல் நடுங்குபவர்கள்... இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை!

உயிரிழப்பு மட்டுமல்ல, வேலையிழப்பும் மனதை உடைக்கும். 2018 அக்டோபரில் பட்டாசு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதையடுத்துச் சில மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. அந்தக் காலத்தை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட மனக் காயத்துக்கு இன்று பலரும் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் ஒன்று அக்குபஞ்சர். தமிழ்நாட்டின் சின்னச் சின்ன ஊர்களில்கூட இன்று அக்குபஞ்சர் பலகையைப் பார்க்க முடிகிறது. பலகையில் எழுதியிருக்கும் நோய்ப் பட்டியலில் "மன அழுத்தம்" பெரும்பாலும் இடம்பெறும். இந்த ஊசி எங்கிருந்து வந்தது? மனச்சோர்வுக்கும் அதற்கும் எப்படித் தொடர்பு ஏற்பட்டது? உண்மையில் அது எவ்வளவு உதவும்? இவற்றுக்கு வரலாறு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

மனச்சோர்வா, மன அழுத்தமா?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் "மன அழுத்தம்" என்ற சொல்லை இரண்டு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பரீட்சை நேரத்திலும் கடன் தவணை நெருங்கும்போதும் வரும் நெருக்கடி ஒன்று. அந்தக் காரணம் தீர்ந்தால் அதுவும் பெரும்பாலும் தீரும். மற்றொன்று மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, தன்னையே பாரமாக நினைப்பது, சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது என்று இருக்கும். இது ஒரு நோய். "தைரியமா இரு" என்று சொன்னால் போய்விடுகிற விஷயம் அல்ல.

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 20 பேரில் ஒருவர் வாழ்வில் ஒரு கட்டத்திலாவது மனச்சோர்வுக்கு ஆளாகிறார். மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

ஏன் கிடைக்கவில்லை? மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். இன்னொரு காரணம், நம் ஊரில் மனசு தன் வலியை உடம்பின் வாயால்தான் சொல்லும். "நெஞ்சு படபடங்குது", "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் அசதி", "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல" என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். சத்து ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அக்குபஞ்சர் பிறந்த சீனாவிலும் இதே கதைதான்!

சீனாவில் பிறந்த ஊசி

சீன மருத்துவத்தின் மூல நூல் "ஹுவாங்டி நெய்ஜிங்". மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் இது சுமார் 2000 ஆண்டுகள் பழமையானது. உடலில் "சி" என்ற உயிர்ச்சக்தி குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தேங்கினாலோ குறைந்தாலோ நோய் வருகிறது, பாதையில் உள்ள புள்ளிகளில் ஊசி செருகினால் ஓட்டம் சீராகும் என்பது அந்த மருத்துவத்தின் கொள்கை. முதன்மையான பாதைகள் 12. இன்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட புள்ளிகள் 361.

மனம் சம்பந்தப்பட்ட தொல்லைகளுக்கு அடிக்கடி பயன்படும் புள்ளிகள் சில உண்டு. உச்சந்தலையில் "பாய்ஹுயி". மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கமாக "ஷென்மென்". இந்தப் பெயருக்கு ஆன்மாவின் வாசல் என்று பொருள். புருவங்களுக்கு நடுவே, நம் பெண்கள் பொட்டு வைக்கும் அதே இடத்தில், "யின்டாங்". சீன மருத்துவத்தில் மனச்சோர்வு என்று தனி நோய் கிடையாது. துக்கமும் கோபமும் வெளியேறாமல் உள்ளே தேங்கிப்போன நிலையாகவே அதைப் பார்த்தார்கள்.

"அக்குபஞ்சர்" சீனச் சொல் அல்ல என்பது பலருக்குத் தெரியாது. லத்தீனில் "அக்கஸ்" என்றால் ஊசி, "பங்க்சுரா" என்றால் குத்துதல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக ஜப்பானில் பணியாற்றிய வில்லெம் டென் ரைனே, 1683-இல் வெளியிட்ட நூலின் வழியாக இந்தச் சிகிச்சையை ஐரோப்பாவுக்கு விரிவாக அறிமுகப்படுத்தினார்.

இன்னொரு ஆச்சரியமான செய்தியும் உண்டு. ஐயாயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் இடைவிடாமல் போற்றி வளர்த்த கலை என்று விளம்பரங்களில் படிக்கிறோம் அல்லவா? உண்மையில் 1822-இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபஞ்சரை நீக்கினார். 1929-இல் அன்றைய தேசியவாத அரசின் சுகாதாரக் குழு, பாரம்பரிய மருத்துவத்தையே படிப்படியாக ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. கடும் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. 1949-இல் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்டுகள்தான் ஊசிக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். கோடிக்கணக்கான மக்கள், கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் நவீன மருத்துவர்கள் என்ற நிலையில், ஊசியும் மூலிகையும் நவீன மருத்துவமும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரப்பட்டன. அதாவது, இன்று உலகம் அறிந்த அக்குபஞ்சர் ஆங்கில மருத்துவத்தோடு கைகோத்தே வளர்ந்தது.

நூறு பேரில் 87 பேர்

சீனாவில் பல பத்தாண்டுகள் அதிகம் கேட்ட நோய்ப் பெயர்களில் ஒன்று "நரம்புத் தளர்ச்சி". நம் ஊர் சுவர் விளம்பரங்களில் பார்க்கும் அதே பெயர்தான். தலைவலி, தூக்கமின்மை, அசதி, தலைசுற்றல் என்று வருவோருக்கு இந்தப் பெயர் கொடுத்து மூலிகையும் ஊசியும் கொடுப்பார்கள்.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், ஹுனான் மாகாணத்தில் இப்படிப்பட்ட நோயாளிகள் 100 பேரை விரிவாக ஆராய்ந்தார். அவர்களில் 87 பேருக்கு இருந்தது கடுமையான மனச்சோர்வு! கலாச்சாரப் புரட்சியின்போது அவமானமும் பிரிவும் பட்டவர்கள் பலர் அதில் இருந்தார்கள். "மனம் உடைந்தது" என்று சொல்ல முடியாத காலத்தில் "தலை வலிக்கிறது" என்று சொன்னார்கள்.

கிளைன்மன் கண்ட இன்னொரு விஷயமும் முக்கியமானது. மனச்சோர்வு மருந்து கொடுத்ததும் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் வேலையிலும் குடும்பத்திலும் இருந்த சிக்கல் தீராதவர்கள் முழுமையாக மீளவில்லை. மருந்தானாலும் ஊசியானாலும், வாழ்க்கைப் பாட்டைத் தொடாத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். கந்துவட்டியிலும் முன்பணத்திலும் சிக்கிய பட்டாசுத் தொழிலாளிக்கு இது அப்படியே பொருந்தும்.

இந்தியாவுக்கு வந்த கதை: கல்கத்தா

1923-ஆம் ஆண்டையொட்டி சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொள்ள ரயில் ஏறிப் போன ஊர் கல்கத்தா. அங்கே கற்ற தொழில்தான் பின்னால் பட்டாசாகவும் அச்சுத் தொழிலாகவும் கிளைவிட்டு இன்றைய சிவகாசியை உருவாக்கியது. அதே கல்கத்தா வழியாகத்தான் அக்குபஞ்சரும் இந்தியாவில் காலூன்றியது என்பது வியப்பான ஒற்றுமை.

1937-இல் ஜப்பான் சீனாவின் மீது படையெடுத்தது. சீனத் தளபதி ஜூ டே, மருத்துவ உதவி கேட்டு நேருவுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ், நிதி திரட்டி மருத்துவக் குழு அனுப்ப ஏற்பாடு செய்தார். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகிய ஐந்து மருத்துவர்கள் 1938 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார்கள். இவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ் போர்முனையில் ஓயாமல் அறுவை சிகிச்சை செய்து, 1942 டிசம்பர் 9 அன்று 32 வயதில் சீன மண்ணிலேயே உயிர்விட்டார். வி.சாந்தாராம் 1946-இல் அவரைப் பற்றி எடுத்த இந்திப் படம் இன்றும் பேசப்படுகிறது.

குழுவில் இருந்த கல்கத்தா மருத்துவர் பிஜய் குமார் பாசு 1943-இல் நாடு திரும்பினார். 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபஞ்சரை முறையாகக் கற்று வந்து, கல்கத்தாவில் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே 1962 போர் வந்தது. "சீனா" என்ற சொல்லே கசந்த காலம் அது. அப்படியும் அந்த ஊசி வங்காளத்தில் தாக்குப்பிடித்தது. மேற்கு வங்க அரசு 1996-இல் அக்குபஞ்சருக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாசு ஆங்கில மருத்துவம் படித்து, அதையே தொழிலாகச் செய்தவர். ஊசியைக் கற்றபின் அவர் ஸ்டெதஸ்கோப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை. இந்தியாவில் அக்குபஞ்சரின் முதல் ஆசானே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர்தான்.

பக்கத்து இலங்கையிலும் இதே கதைதான். கொழும்பை அடுத்த களுபோவில அரசு மருத்துவமனையில் அக்குபஞ்சர் பிரிவை நடத்திப் பிரபலமாக்கிய ஆண்டன் ஜயசூரியவும் நவீன மருத்துவம் படித்தவரே.

காதில் ஐந்து ஊசி

1971 ஜூலையில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அறுவைக்குப் பின் வயிற்றில் ஏற்பட்ட உபாதைக்கு ஊசி செருகினார்கள். அதை அவர் நியூயார்க் டைம்ஸில் எழுத, அமெரிக்காவே பரபரப்பானது. "மயக்க மருந்தே இல்லாமல் ஊசியால் அறுவை செய்தார்கள்" என்று அந்தக் கதை பிறகு திரிந்துவிட்டது. உண்மையில் அறுவைக்கு வழக்கமான மரப்பு ஊசி மருந்துதான் போட்டார்கள்.

மனநோய்ப் பக்கம் ஊசி திரும்பியது ஹாங்காங்கில். 1972-இல் நரம்பியல் அறுவை நிபுணர் எச்.எல்.வென், வலிக்காகக் காதில் ஊசி போட்டுக்கொண்ட அபின் அடிமைகளுக்குப் போதையை நிறுத்தும்போது வரும் வேதனையும் குறைவதைக் கவனித்தார். இந்தச் செய்தி நியூயார்க்கின் ஏழைப் பகுதியான தெற்கு பிராங்க்ஸில் இருந்த லிங்கன் மருத்துவமனையை எட்டியது. அங்கே கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்கள் போராடிப் பெற்ற போதை மீட்பு மையத்தில், காதில் ஐந்து புள்ளிகளில் ஊசி போடும் முறை உருவானது. பலர் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து, ஊசியோடு முக்கால் மணி நேரம் அமைதியாக இருப்பார்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் நியூயார்க்கிலும், 2005-இல் காத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸிலும் இதே முறையில் மக்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் ஊசி போட்டார்கள். பேரிடர் நடந்த ஊரில் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டால் பலரால் வாய் திறக்க முடியாது. பேசாமலே உட்கார ஒரு இடம் கிடைத்ததே பலருக்கு ஆறுதல். நம் பட்டாசு ஊர்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சோதனையில் தேறியதா?

சரி, ஊசி உண்மையில் வேலை செய்கிறதா? இதைக் கண்டறிய மருத்துவ உலகம் அரை நூற்றாண்டாக முயல்கிறது.

1975-இல் உடலே சுரக்கும் வலிநிவாரணிகள் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டன. அடுத்த ஓரிரு ஆண்டுகளில், ஊசி போடும்போது இவை சுரப்பதற்கான சான்றுகள் கிடைத்தன. ஆக, வலி விஷயத்தில் ஓர் உடலியல் விளக்கம் கிடைத்தது. மனச்சோர்வு அவ்வளவு எளிதாக இல்லை.

1980களில் பெய்ஜிங்கில் லுவோ ஹெசுன் என்ற மருத்துவரின் குழு, ஊசியில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் முறையை அமிட்ரிப்டிலின் மாத்திரையோடு ஒப்பிட்டது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றது முடிவு. உலக சுகாதார நிறுவனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில், அக்குபஞ்சர் பயன்தரும் நோய்களின் பட்டியலில் மனச்சோர்வும் இடம்பெற்றது. இன்றைக்கும் விளம்பரங்களில் மேற்கோள் காட்டப்படுவது இந்தப் பட்டியல்தான். ஆனால் அது 1999-இன் தொடக்கம் வரை வந்த ஆய்வுகளை வைத்து எழுதப்பட்டது. அந்த ஆய்வுகள் பலவற்றின் தரம் பற்றிப் பின்னாளில் கேள்விகள் எழுந்தன.

மிகவும் சுவையானது அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஆலனின் கதை. 1998-இல் அவர் குழு, மனச்சோர்வு உள்ள 38 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. மனச்சோர்வுக்கான புள்ளிகளில் ஊசி பெற்றவர்கள், வேறு புள்ளிகளில் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒரே கொண்டாட்டம்! அதோடு நிற்காமல் அவர்கள் 151 பேரை வைத்து மீண்டும் சோதித்தார்கள். 2006-இல் வந்த முடிவு வேறாக இருந்தது. ஊசி பெற்ற இரு பிரிவினரும் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிடத் தேறினார்கள். ஆனால் "சரியான" புள்ளிக்கும் "வேறு" புள்ளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தங்களுக்குச் சாதகமான முதல் முடிவைத் தாங்களே மறுபடி சோதித்து, பாதகமான முடிவையும் வெளியிட்டார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும்.

2010-இல் ஸ்டான்ஃபோர்டில் மனச்சோர்வு உள்ள 150 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், மனச்சோர்வுக்கான ஊசி பெற்றவர்களில் 63 சதவீதம் பேருக்கு நல்ல பலன். பொதுவான ஊசி அல்லது மசாஜ் பெற்றவர்களில் 44 சதவீதம். மாத்திரை எடுக்கத் தயங்கும் கர்ப்பிணிகளுக்கு இது கவனிக்கத்தக்க செய்தி.

2013-இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 755 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொன்றுக்கு அதனுடன் 12 வாரம்வரை அக்குபஞ்சர். மூன்றாவதற்கு அதனுடன் மனநல ஆலோசனை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஊசியும் ஆலோசனையும் வழக்கமான மருத்துவத்தைவிடக் கூடுதல் பலன் தந்திருந்தன. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "அதனுடன்" என்ற சொல்லைக் கவனியுங்கள் நண்பர்களே! யாருடைய மாத்திரையும் நிறுத்தப்படவில்லை.

கடைசியாக, 2018-இல் காக்ரேன் அமைப்பு 64 ஆய்வுகளை, மொத்தம் 7104 நோயாளிகளின் தகவலை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அக்குபஞ்சரால் மனச்சோர்வு ஓரளவு குறையக்கூடும், ஆனால் சான்றுகளின் தரம் குறைவு, உறுதியாகச் சொல்ல முடியாது என்பதே அதன் முடிவு. வெறும் ஏமாற்று என்றும் தள்ள முடியாது, கைகண்ட மருந்து என்றும் கொண்டாட முடியாது.

அப்படியானால் தேறியவர்கள் எதனால் தேறினார்கள்? ஊசியின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். வாராவாரம் ஒருவர் பொறுமையாகக் கைநாடி பிடித்து, தூக்கம் எப்படி, பசி எப்படி என்று விசாரித்து, அரை மணி நேரம் அமைதியாகப் படுக்க வைப்பதும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. வேலாயுதம்பாளையம்புதூரில் ஒரு கோயிலில் தங்கியிருந்த மனநோயாளிகள் 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராம் குழுவினர் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்தில்லாமல் சில வாரங்கள் அமைதியான சூழலில், மரியாதையோடு தங்கியிருந்ததிலேயே அவர்களின் நோய் அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தன. பரிவுக்கு உள்ள பலம் அது. மீதி ஐந்தில் நான்கு பங்குக்கு மருத்துவம் வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊசி

தமிழ்நாட்டில் அக்குபஞ்சர் பேச்சு எழுந்தாலே வர்மமும் போகரும் வந்துவிடுவார்கள். சித்த மருத்துவத்தில் வர்மப் புள்ளிகள் இருப்பது உண்மை. போகர் சீனா போய் வந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆனால் அக்குபஞ்சரே வர்மத்திலிருந்து போனது என்பதற்கு வரலாற்று ஆவணம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லிக்கொள்வது வேறு, வரலாறு வேறு.

இங்கே இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஊசி செருகும் முறை ஒன்று. நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுகிற "தொடு சிகிச்சை" மற்றொன்று. இதைச் செய்பவர்களை "அக்கு ஹீலர்" என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. இருவரிடமும் போய் நிம்மதி கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர்களில் சிலர் இன்னொரு படி மேலே போய், "இங்கிலீஷ் மருந்தே விஷம், எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள்" என்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் வரும். நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு அந்தச் சில வாரங்களே உயிருக்கு உலையாகிவிடும்.

ஒரே வழியை மட்டும் நம்பி மற்ற கதவுகளைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. 1985 வரை சிவகாசியும் சாத்தூரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அதே மாவட்டத்தின் கடற்கரையில் உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் விட்டுச் சென்றவர்கள் அவர்கள். பிரார்த்தனை அவர்களைக் கொல்லவில்லை. பிரார்த்தனையோடு மருத்துவமும் மனித மரியாதையும் இல்லாமல் போனதுதான் கொன்றது. பிறகு அதே ஏர்வாடியில் தர்காவை ஒட்டியே மனநல மருத்துவர்கள் அமர்ந்து, "துவாவும் வேண்டும், தவாவும் வேண்டும்", அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் வேண்டும் என்று சிகிச்சை தரும் ஏற்பாடு வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2003 நவம்பர் ஆணை, அக்குபஞ்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்காமல், தகுதி பெற்றவர்கள் செய்யலாம் என்று ஒரு சிகிச்சை வழியாக அனுமதித்தது. 2019 பிப்ரவரியில் அதற்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. மனநோய்க்கு மருந்து எழுதும் உரிமையோ, எழுதிய மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமையோ இந்த அங்கீகாரத்தால் வந்துவிடாது.

துணையா? மாற்றா?

"மாற்று மருத்துவம்" என்ற சொல்லை நாம் யோசிக்காமலே பயன்படுத்துகிறோம். வரலாற்றைப் பார்த்தால், அக்குபஞ்சர் மனச்சோர்வுக்கு உதவிய இடங்களில் எல்லாம் அது துணையாகவே நின்றிருக்கிறது. சீன மருத்துவமனையில் நவீன மருந்தோடு நின்றது. பாசுவின் மேசையில் ஸ்டெதஸ்கோப்போடு நின்றது. பிராங்க்ஸில் ஆலோசனைக் குழுவோடு நின்றது. யார்க்கில் மாத்திரையோடு நின்றது. துணை மாற்றாக மாறிய இடத்தில்தான் இழப்பு வருகிறது.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அக்குபஞ்சருக்கு வாரம் ஒருமுறையாவது போக வேண்டும், பத்துப் பன்னிரண்டு முறை போக வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம், பஸ் செலவு, அரைநாள் கூலி என்று மூன்று செலவு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாத்திரை இலவசம். ஊசிக்குப் போகக் கூடாது என்பதில்லை. முதல் ரூபாயும் முதல் நாளும் எங்கே செலவாக வேண்டும் என்பதுதான் கேள்வி.

போவதாக இருந்தால் நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம். முதலில் மனநல மருத்துவரைப் பார்த்து நோய் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும், இல்லையெனில் மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எச்.ஐ.வி. வரை தொற்றும் அபாயம் உண்டு. நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலே ஓட்டையாகலாம், ஆகவே பயிற்சி பெற்றவரிடமே போக வேண்டும். கடைசியாக, மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடம் மறுமுறை போகவே கூடாது.

தற்கொலை எண்ணம் வந்தவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தாயில்பட்டி போன்ற ஊர்களில் அடுத்த விபத்து நடக்காமல் இருக்க வேண்டும் என்பதே எல்லோருடைய வேண்டுதலும். நடந்த விபத்துகளின் கணக்கோ இன்னும் முடியவில்லை. தீக்காயத்துக்குக் கட்டுப் போடும் அதே அக்கறையோடு, ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டி "தூக்கம் வருதா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிராம சுகாதார செவிலியராக இருக்கலாம், மனநல மருத்துவராக இருக்கலாம், மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்யும் அக்குபஞ்சர் சிகிச்சையாளராகவும் இருக்கலாம். யார் முதலில் கதவைத் தட்டினாலும், மற்ற கதவுகளைச் சாத்தாமல் இருந்தால் போதும்.